அப்படி ஒருவர் இல்லை

முதல் தடவை வந்தது மாசியில்.
துணியில் தைத்து அரக்கு வைத்த
உள்ளங்கை அகலப் பொட்டலம்.
பெறுநர்: சந்தர் ராயன், முன்னாள் நாயக்,
சைனகுண்டா வழி, குடியாத்தம்.
ஓரத்தில் தட்டச்சில் ஒரு வரி:
பதக்கம் ஒன்று. சோமாலியா.

இந்தத் தடத்தில் எனக்குப் பதினோரு வருடம்.
எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும்,
யாருடைய ஏ.டி.எம். அட்டையை
யார் வாங்கி ஒளித்துக்கொள்வார்கள்,
எல்லாம் தெரியும்.
சந்தர் ராயன் தெரியாது.
செக்போஸ்ட்டில் கேட்டேன்.
"ராயனா? ஆந்திராப் பக்கம் பாருங்கம்மா."
பலமனேர்க்காரர்கள் பார்த்துவிட்டு
"தமிழ்நாடு" என்று எழுதித் தள்ளினார்கள்.
மலைப்பாதை ஏறி இறங்கி
என் பைக்கே வந்து சேர்ந்தது.
சிவப்பு மையில் எழுதினேன்:
அப்படி ஒருவர் இல்லை.

ஆடியில் மறுபடியும் வந்தது.
மறுபடியும் எழுதினேன்,
கொஞ்சம் வேகமாக.

மார்கழியில் மூன்றாம் முறை.
பனி விலகாத காலை. எக்ஸெல்லை நிறுத்திவிட்டு
டீக்கடை வாசலில் நின்றேன்.
தக்காளி வேன் ஒன்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.
கிளாஸ் கழுவும் ஜிலானி எலும்பும் தோலுமான பையன்.
முதலாளி உள்ளிருந்து கத்தினார்,
"டேய் சோமாலியா! ரெண்டு டீ!"

திரும்பியது ஜிலானி இல்லை.

வேன்காரர்.
கிரேட்டைத் தூக்கிய கையோடு
முதுகு நிமிர்ந்து, குதிகால் சேர்ந்து,
வரிசையில் பேர் கூப்பிட்ட மாதிரி.
கிரேட் சரிந்தது.
தக்காளிகள் சரிவில் உருண்டு
ஆந்திராவை நோக்கிப் போயின.
கடையில் எல்லோரும் சிரித்தார்கள், ஜிலானியும்தான்.
அவனுக்கு அந்தப் பேர் பழகிவிட்டது.

பட்டாளத்தில் டிரைவர் என்று ஊருக்குத் தெரியும்.
நடுவில் துபாய் போனதாகவும் சொல்வார்கள்.
எப்போதோ ஒருமுறை
மணல், ஒட்டகம் என்று வாய்விட்டாராம்.
துபாயா என்று கேட்டார்களாம்.
அவர் மறுக்கவில்லை.

"அண்ணே, உங்க முழுப் பேரு?"
"சென்றாயன்."
சென்றாயன்.
சந்தர் ராயன்.
வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.
எங்கோ ஓர் அலுவலகத்தில்
நம் பெருமாளை நாக்கில் ஏற்றத் தெரியாத ஒருவர்
இவரை இரண்டாக வெட்டியிருக்கிறார்.
மிச்சத்தை நான் வெட்டினேன்.

பேர் ஒத்துப்போகாவிட்டால் கொடுக்கக் கூடாது.
விதி அதுதான். கொடுத்தேன்.
தமிழில் கையெழுத்துப் போட்டார்,
எழுத்தெழுத்தாக, கடைசிப் புள்ளிவரை.
சாவியால் தையலைப் பிரித்தார்.
உலோகத்தின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.
விளிம்பைத் திருப்பித் திருப்பி
பொடி எழுத்தில் வெட்டியிருந்த
தன் எண்ணை மட்டும் படித்தார்.
"நம்பர் சரியா இருக்கும்மா."

பிறகு, டீ ஆறி ஆடை கட்டிய பிறகு,
"கெணத்துக்குப் போற பாதை.
தண்ணி லாரி, மூணு வண்டி.
ரெண்டாவதுல நான்.
மொத வண்டியில நாலு பேரு."
நிறுத்தினார்.
"அவங்களுக்கும் வந்துச்சா?"

இந்தியாவின் எல்லாத் தபால் பைகளும்
என் தோளில் தொங்குவதைப் போல என்னைக் கேட்டார்.
தெரியலண்ணே என்றேன்.
எந்தெந்த ஊரில், எந்தெந்தச் சிவப்பு மையில்
அந்த நாலும் திரும்பினவோ.
என் பதிவேட்டில் இரண்டு வரிகள் கிடக்கின்றன,
மாசியில் ஒன்று, ஆடியில் ஒன்று.
அடிக்கவோ திருத்தவோ அனுமதி இல்லை.

அவர் பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றி
ஸ்டியரிங் பக்கத்து அறையில்,
செக்போஸ்ட் ரசீதுகளுக்கு அடியில் வைத்தார்.
உருண்டவற்றில் நசுங்காததைப் பொறுக்கினார்.
ஒன்றைத் துடைத்து ஜிலானியிடம் நீட்டி
அவன் பேரைக் கேட்டார்.

வேன் மேட்டில் ஏறியது.
தடுப்புக் கம்பம் இறங்கியே இருந்தது.
"வண்டியில என்ன?"
"காலி கிரேட்டு சார்."
கம்பம் உயர்ந்தது.